நாற்காலியில் ஒரு செவ்வந்தி

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பேராசிரியர் பூவனநாதன், கையிலிருந்த விளக்கத் தாளை ஆய்வு மாணவி சபிதாவின் மேசையில் எறிந்தார்.

“வாழ்க்கை நிலையாமையாம்! நூத்திமுப்பது வருசத்துக்கு முன்னால, இந்தக் கரிசக்காட்டுக்கு ஒருத்தன் மாட்டுவண்டியில கேமராவ ஏத்திக்கிட்டு வந்திருக்கான். நாற்காலியில ஒத்தச் செவ்வந்திய வச்சுப் படம் புடிச்சிருக்கான். எதுக்கு? அதச் சொல்லும்மா!”

“அதான் சார் புரிய மாட்டேங்கு.”

“நாளைக்குக் கண்காட்சி. இன்னைக்கு மூணு மணிக்குள்ள சரியான விளக்கம் வரலன்னா படத்தைத் தூக்கிருதேன்.”

அவர் போனதும் சபிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இது ஐந்தாவது விளக்கம். கண்காட்சியில் அவள் பேரோடு வைக்கப்போவது இந்த ஒரு படம்தான்.

இடைசெவல் கிராமத்தில் அழகுத்தாய் வீட்டுச் சுவரில், மாலை போட்ட முன்னோர் படங்களுக்கு நடுவே தொங்கியதை நாலு நடை நடந்து வாங்கி வந்திருந்தாள். கண்ணாடியில் குங்குமக் கறை வேறு. அதைச் சுரண்டித் துடைக்கவே காலைப் பொழுது போய்விட்டது.

பூதக்கண்ணாடியை மறுபடியும் எடுத்தாள். கைவைத்த நாற்காலி. அதன் முதுகில் சாய்த்து வைத்த பூ. காம்பில் கொஞ்சம் வாழைநார். அவ்வளவுதான்.

“சனியனே, வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!” என்று படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“யாரப் பிள்ள ஏசுத?”

வாசலில் அழகுத்தாய். கையில் செவ்வந்திச் சரம்.

“நாளைக்குக் கூட்டமா இருக்கும். இன்னைக்கே சாத்திட்டுப் போவம்னு வந்தேன்...” படத்தைப் பார்த்தவள் முகம் மாறியது. “பொட்டு எங்க?”

“கறையா இருந்துச்சுக்கா. தொடச்சிட்டேன்.”

அழகுத்தாய் சரத்தை மேசையில் வைத்துவிட்டுப் படத்தருகே வந்தாள்.

“படம் புடிக்க ஆளு வந்த அன்னைக்கு, அந்நிய ஆம்பள முன்னால வந்து இருக்கப்படாதுன்னுட்டாராம் மாமனாரு. கொண்டையில இருந்தத உருவி நாற்காலியில வச்சுட்டு உள்ள போயிட்டா. மறு மாசம் பேறுகாலத்துல போய்ச் சேந்துட்டா.”

“யாருக்கா?”

அழகுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

“பூவுக்கு யாரு பிள்ள பொட்டு வைப்பா? இது எங்க வீட்டு மூத்த மருமக.”