முதல் பத்து எழுத்து

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டிய வேளை வந்தது. அதற்கு முன்னால் டி.என்.ஏ. ஏட்டுக்கு இன்னொரு படி எடுத்தாக வேண்டும். படி எழுதும் நொதியார் மகா சூரர். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு எழுத்து எழுதிவிடுவார். என்ன, வெற்று ஏட்டில் முதல் எழுத்து மட்டும் அவருக்கு எழுத வராது.

“தொடக்கி அக்கா, ஒரு பிள்ளையார் சுழி போட்டுக் கொடுங்களேன்” என்று குழைந்தார்.

தொடக்கி சின்னஞ்சிறு துணுக்கு. இந்தத் தடவையாவது தன் எழுத்து ஏட்டில் நிலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, பத்து எழுத்து எழுதிக் கொடுத்தாள். நொதியார் அதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று எழுதி முடித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

“இது யார் கிறுக்கினது? ஏட்டுக்கே அசிங்கம்.”

ரப்பரை எடுத்து அந்தப் பத்தையும் அழித்தார். பக்கத்து எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் தானே எழுதினார். “ஆதியோடந்தமாக நானே எழுதியது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். தொடக்கி போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

மறுபடியும் பிரியும் வேளை வந்தது. நொதியார் வெற்று ஏட்டின் முன்னால் உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

“என்னப்பா, எல்லாம் நானே என்றாயே, எழுதேன்” என்றது உயிரணு.

“எழுத எவ்வளவு நேரம்? அக்கா வரட்டுமே என்று ஒரு மரியாதைக்காகக் காத்திருக்கிறேன்” என்றார் நொதியார், ரப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே.