அவர் கையின் எரிச்சல்

தலையில் அடிபட்டு ஒன்றரை வருடம் கழித்து, மாசிலாமணி மறுபடியும் பஸ் ஓட்ட விண்ணப்பித்திருந்தார். அவர் உடம்பின் வேதனையை வீட்டார் ஒருவர், அதை அப்படியே தம் உடம்புக்குக் கடத்தும் கைப்பட்டையை அணிந்து, தாமே உணர்ந்து பார்த்து, அவர் பஸ் ஓட்டலாம் என்று கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

"கை லேசா மரத்துப்போகும், அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் மனைவி எழிலரசியைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தார்.

பட்டையை மாட்டியதும் அவளுடைய இடது கை தோள்வரை தீயாய் எரிந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அதிகாரி நாற்காலியை நகர்த்திய சத்தம் மண்டைக்குள் இடித்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

மாசிலாமணி கண்ணாலேயே கெஞ்சினார்.

எழிலரசி பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "தினமும் இப்படித்தானாங்க?"

"இன்னிக்குக் கம்மிதான்" என்றார் அவசரமாக.

அவள் கையெழுத்திடாமலே தாளை அதிகாரியிடம் தள்ளினாள்.