கணக்காளருக்கு எவ்வளவு?

"அது சரி தம்பி, உம்மட்டை எவ்வளவு எடுக்கிறார்?"

"எதுக்கு ஐயா?"

"எதுக்கோ? வருமானவரிக் கணக்கு எழுதித் தாறதுக்குத்தான். சும்மா எழுதித் தர அவருக்கென்ன விசரே?"

"ஆளைப் பாத்து வாங்குவார்."

"அதைத்தான் கேக்கிறன். உம்மைப் பாத்து எவ்வளவு வாங்கிறார்?"

தில்லைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்து மாதுளையைப் பார்த்தான். ஊர்காவற்றுறையில் கணக்காளர் சிவகுருவின் வீட்டு விறாந்தை அது. உள்ளே வேறொரு முதலாளியோடு சிவகுரு கதவைச் சாத்திவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். வெளியே வாங்குப் பலகையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். பக்கத்திலிருந்த பெரியவரை அவன் முன்பின் கண்டதில்லை. சட்டைப்பையில் பேனை, மடியில் ஒரு சின்னக் கொப்பி, காலுக்கிடையில் குடை. கேள்வி கேட்கவென்றே பிறந்த மூக்கு.

தெற்கே போய்க் கடை வைத்த தீவு முதலாளிமாரில் பாதிப் பேருக்கு சிவகுருதான் கணக்கு. படிவத்தில் எந்த இலாபத்தை எழுதினாலும், கூலியை மட்டும் உண்மையான இலாபத்துக்கே வாங்குவார்: ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். ஆகவே ஒருவன் சிவகுருவுக்குக் கொடுக்கிற கூலி தெரிந்தால், அவன் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரித்தான். அதனாலேயே ஒருவருடைய கூலியை மற்றவருக்கு அவர் வாய் தவறியும் சொன்னதில்லை. தொகையைத் துண்டில் எழுதிக் காட்டிவிட்டு உடனே கிழித்துப்போடுவார். மனைவி அம்பிகைக்குக்கூடத் தெரியாது.

தில்லைநாதனின் பையில் மூன்று நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. படிவத்திலோ அவன் இலாபம் எட்டாயிரம்தான்.

"பதுளையிலை புடைவைக்கடை எல்லே?" என்றார் பெரியவர்.

தில்லைநாதன் சட்டென்று அவர் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேள்விப்பட்டனான். மூண்டு பேர் வேலை செய்யினமாம்."

வருமானவரிக் கந்தோர் ஆள்! சந்தேகமே இல்லை. இப்படிச் சாதாரண ஆள்போல வந்து வாயைக் கிளறுவார்கள் என்று பதுளையில் ஒரு கதை இருந்தது.

வேறொரு நாளென்றால் பரவாயில்லை. தரகர் கதிர்காமு பேசிவந்த சம்பந்தத்துக்கு இன்று பின்னேரம் பெண்வீட்டார் மறுமொழி சொல்லுகிற நாள். சத்தியபாமாவை அவன் ஒரேயொரு தடவைதான் கண்டிருந்தான். நயினாதீவுக் கோயிலுக்குப் போன லோஞ்சுப் படகில் எல்லாரும் அலைக்குப் பயந்து அம்மாளாச்சியைக் கூப்பிட, அவள் மட்டும் தாயின் தோளில் சாய்ந்தபடி அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை எண்ணினாள் என்று கேட்கவேண்டும். அதற்காகவாவது அவளைக் கட்டவேண்டும். வரிக் களவில் பிடிபட்டான் என்று ஒரு சொல் காற்றில் வந்தாலே சம்பந்தம் குலைந்துபோகும்.

"மூண்டு பேரோ? ஆர் சொன்னது? ஒரு பெடியன்தான். அவனும் அடுத்த மாசம் வேலையாலை நிண்டிடுவான்."

"அப்ப கூலி?"

"நீங்கள் ஏன் ஐயா இதைக் கேக்கிறியள்?"

"எங்கடை குடும்பத்துக்கும் இனி ஒரு கடைக் கணக்குப் பாக்கவேண்டி வரும் போலை கிடக்கு. அதுதான்."

நல்ல கெட்டிக்காரன், என்று நினைத்தான் தில்லைநாதன். முழுப் பொய்யையும் எவ்வளவு மெதுவாகச் சொல்லுகிறான்!

"அறுபது ரூபாய்" என்றான்.

பெரியவர் கொப்பியில் எழுத எடுத்த பேனையை அப்படியே பிடித்துக்கொண்டார். "அறுபதோ? வடிவா யோசிச்சுச் சொல்லும் தம்பி."

"வடிவாத்தான் சொல்லுறன். அதையும் ரெண்டு தரமாத்தான் குடுக்கிறனான்."

"கடை அவ்வளவு மோசமே?"

"கடையோ? மூண்டு மாச வாடகை நிலுவை. போன மழைக்குக் கூரை ஒழுகிச் சேலையெல்லாம் சாயம் போயிட்டுது. சனம் வரும், தடவிப் பாக்கும், போகும்."

சொல்லச் சொல்ல அவனுக்கே அந்தக் கடையில் இரக்கம் வந்தது. பெரியவர் அறுபது என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கொப்பியை மூடினார்.

"பஸ்ஸுக்குக் காசு கிடக்கே தம்பி?"

"ஒரு மாதிரிச் சமாளிப்பன் ஐயா."

தப்பிவிட்டேன் என்று தில்லைநாதன் மூச்சு விட்டான். அப்போது கதவு திறந்தது. உள்ளேயிருந்த முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போக, பின்னால் வந்த சிவகுரு வாங்கைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஐயாத்துரை அண்ணை, திரும்பவும் வந்திட்டியள்? போன கிழமையே சொன்னன் எல்லே, ஒருத்தற்றை கூலியை மற்றவைக்குச் சொல்லமாட்டன் எண்டு? மாப்பிளைதான் பக்கத்திலை இருக்கிறார். அவரையே கேளுங்கோவன்."

"கேட்டிட்டன் சிவகுரு." பெரியவர் குடையை ஊன்றி எழுந்தார். "தரகர் கதிர்காமு படத்தைக் காட்டி, கூலி முந்நூறு எண்டவர். ஆள் அறுபது எண்டுறார். நல்ல காலம், பாமாவுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

தில்லைநாதன் துள்ளி எழும்பினான். "ஐயா! முந்நூறு! முந்நூறுதான் ஐயா குடுக்கிறனான்!"

"இப்ப முந்நூறோ? பெண்ணின்ரை தகப்பன் எண்டு தெரிஞ்ச உடனை இருநூற்றி நாப்பது ஏறிப்போச்சு!" பெரியவர் படியில் கால் வைத்தார்.

தில்லைநாதன் பையிலிருந்த மூன்று தாள்களையும் எடுத்து சிவகுருவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அண்ணை, நான் உங்களுக்கு எவ்வளவு தாறனான் எண்டு இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை!"