வாய்க்காலில் கிடந்த கல்

ஆற்றங்கரைக் காட்டில் சமூக மாற்றத்துக்கென்றே ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. அங்கே நடக்கும் கருத்தரங்குக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்ததும் பெருச்சாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து மண் தோண்டியவள், கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. முகத்து மண்ணைக் கழுவிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

தலைப்பு, ‘மழைநீர் நம் வளைகளில் புகுவது ஏன்?’ போன மழையில் அவள் வளையும் மூழ்கியிருந்தது. பேராசிரியர் கொக்கு மேகம், மலை, கடல் என்று வெளுத்து வாங்கினார். பெருச்சாளிக்கு ஒவ்வொரு சொல்லும் தித்தித்தது. ஆனால் வாய்க்கால் பேச்சே வரவில்லை. வெளியே தூறல் வேறு பிடித்துக்கொண்டது. பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டாள்.

“ஐயா, மேற்கு வாய்க்கால்ல ஒரு பெரிய கல்லு உருண்டு கெடக்கு. தண்ணி அதுல முட்டித்தான் நம்ம பக்கம் திரும்புது.”

“கேள்விகள் கடைசியில், அம்மா,” என்றார் கொக்கு.

“கேள்வி இல்லீங்க ஐயா. எல்லாரும் இங்கதானே இருக்கோம்? ஆளுக்கொரு கை குடுத்தா இப்பவே தள்ளிப்புடலாம்!”

“அட, ஆமா!” என்று முயல்கள் துள்ளி எழுந்தன. கீரியும் உடும்பும் பாய்ந்தன. ஆமைகூட ஓடியது. பெருச்சாளி அடிமண்ணைப் பறிக்க, மற்றவர்கள் முட்டித் தள்ள, கல் புரண்டது. தண்ணீர் ஹோவென்று ஆற்றுக்குப் பாய்ந்தது. பெருச்சாளி சேற்றில் குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

கல்லூரிக் குறிப்பேட்டில் கொக்கு அன்று இப்படி எழுதிவைத்தார்: ‘அவையில் ஒருவரும் இல்லாததால் நன்றியுரை நடைபெறவில்லை.’