உயிரோடு இருப்பவனுக்குப் படையலா?

"பைக்குள்ள போட்டோ இருக்குல்ல? எடுத்து வையேன்டி. வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் செத்தவங்க நம்மளைத் தேடி வருவாங்க. படம் இல்லேன்னா உன் பையன் எதைப் பார்த்து வருவான்?"

பாட்ஸ்குவாரோ சதுக்கத்தில், ஊரே சேர்ந்து வைத்த படையலுக்கு முன்னால் நின்றுகொண்டு டென்ச்சா கேட்டாள். காலையில் மொரேலியாவிலிருந்து ஒரே பஸ்ஸில் ஊர் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி.

ஓட்டிலியாவுக்குச் சுருக்கென்றது. "வாயைக் கழுவு. படையல் செத்தவங்களுக்கு. என் ராமிரோ உயிரோட இருக்கான்."

"காணாமப் போயி ஆறு வருஷம் ஆச்சு."

"அறுபது ஆகட்டும்."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

ஓட்டிலியாவின் கணவர் ஃபிடென்சியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அவதான் சொல்றாளே, இருக்கான்னு. நான் காலாற நடந்துட்டு வரேன்."

அவர் தலை மறைந்ததும் டென்ச்சா ஆரம்பித்தாள். "காலாறவாம்! சாராயக் கடைக்குத்தான். போன வருஷமும் கண்ணு செவந்துதானே பஸ் ஏறினாரு? பெத்த புள்ளையைத் தேடத் துப்பில்லை, ஊர் சுத்த மட்டும் வந்துடறாரு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதிலும் இது பொய்யில்லை. பிணவறை, சிறை, ஆஸ்பத்திரி என்று கூடவே அலைந்தவர், இரண்டு வருடமாகத் தேட வருவதில்லை. ஓட்டிலியா தனியாகத்தான் அலைகிறாள்.

பஸ் கிளம்பும் நேரம். ஆளைக் காணோம். சாராயக் கடையில் இல்லை, மேட்டுக் கோயிலிலும் இல்லை. எரிச்சலோடு பதினோரு முற்றங்கள் கொண்ட பழைய மடத்துக்குள் போனாள்.

கடைசி முற்றத்து மூலையில் அவர் முட்டி போட்டிருந்தார். எதிரில் செண்டுப்பூ, மெழுகுவத்தி, ரொட்டி. ராமிரோவின் படம்.

பக்கத்தில் ஒரு பெல்ட்.

தொளதொளவென்று இருக்கிறதே என்று, ஆணியால் அவளே கூடுதலாக ஓட்டை போட்ட பெல்ட். கிளம்பிப் போன அன்று அவன் இடுப்பில் இருந்தது. பெல்ட் மட்டும் திரும்பி வந்திருக்கிறது என்றால்...

ஓட்டிலியா வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் மறைந்தாள்.

"கோவிச்சுக்காதடா," என்று படத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்ல வைக்க முடியாது. நீ இல்லேன்னு தெரிஞ்சா உங்கம்மா தாங்க மாட்டா. இங்கேயே சாப்பிட்டுப் போ."

படத்தையும் பெல்ட்டையும் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு அவர் போனார். ஓட்டிலியா கிட்டே வந்து பார்த்தாள். தண்ணீர் வைக்க மறந்திருந்தார். அவ்வளவு தூரம் வருகிற பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? தன் பாட்டிலைத் திறந்து வைத்தாள். பையிலிருந்த படத்தை எடுத்து, முத்தமிட்டு, அதன் அருகில் வைத்தாள்.

பஸ்ஸில் டென்ச்சா ஃபிடென்சியோவின் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு ஓட்டிலியாவை இடித்தாள். "பார்த்தியா, நான் சொல்லலை?"

ஓட்டிலியா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்கே போயிட்டே?" என்றார் பதற்றமாக.

"சும்மா சுத்திப் பார்த்தேங்க. நல்ல ஊரு," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராமிரோ வரட்டும், அவனையும் கூட்டிட்டு வரணும்."