வளைவில் ஒரு கண்ணாடி

தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கண்காணிக்க மலை ஏறி ஏறி அலுத்துப்போன தோட்டத்து மேற்பார்வையாளர், கண்டாக்கு ஜெயரத்தினம், ரோட்டு வளைவில் வயிறு உப்பிய பெரிய கண்ணாடி ஒன்றை நட்டுவைத்தார். தேயிலை ஸ்டோர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தால், வளைவுக்கு அப்பாலிருக்கும் மலை முழுவதும் அதில் சின்னதாகத் தெரிந்தது.

மாதக் கடைசியில் தோட்டத்துத் துரை ஸ்டோர் வாசலுக்கே வந்து கத்தினார். "கொழுந்து பாதியாக் குறைஞ்சிருக்கே, ஏன்?"

"மழை இல்லை சேர். பொம்பிளையளில பிழையில்லை. எப்ப கண்ணாடியைப் பாத்தாலும் ஒருத்தரும் சும்மா நிக்கிறேல்லை."

அதே நேரம் மலையில், புதிதாக வேலைக்குப் பேர் பதிந்த ஊர்மிளா கேட்டாள். "அந்தக் கண்ணாடி எதுக்குக்கா?"

கூடையில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாக்கியம் சொன்னாள்.

"கண்டாக்கையா எப்ப இந்தப் பக்கம் பார்க்கிறாருன்னு நாம தெரிஞ்சுக்கத்தான்டி. ஐயோ, திரும்பிட்டாரு! எந்திரி, கொழுந்த எடு!"