மாதிரிக்கு ஒரு வீடு

"எங்க வீட்டுக்குள்ள நடக்கறதை வேற யாரும் பார்க்க முடியாதுல்ல?" வந்தவர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கேமரா கடைக்காரருக்குச் சலித்துவிட்டது. "பாஸ்வேர்டு உங்க கையில சார். ஈ எறும்பு கூட எட்டிப் பார்க்க முடியாது."

"படம் எப்படி இருக்கும்? மத்த கடையில எல்லாம் மாட்டின வீட்டுல ஓடறதையே காட்டினாங்களே."

தொழில் ரோஷம் பொல்லாதது. கடைக்காரர் உடனே போனை எடுத்தார். கேமரா மாட்டிய வீடுகளின் பாஸ்வேர்டைத் தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பழுது என்று கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம், புதிதாக வருபவர்களுக்கு மாதிரியும் காட்டலாம். வீட்டுக்காரர்களிடம் மட்டும் இதைச் சொன்னதில்லை.

முதலில் ஒரு கிடங்கு. அடுத்து, ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கும் கூடம். "வேற?" என்றார் வந்தவர்.

மூன்றாவதாக ஒரு சமையலறை வந்தது. ஒரு பெண் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு குழந்தை தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர் போனருகே குனிந்து பார்த்தார். பிறகு, "வாசல்ல எப்படி? தூரத்து எழுத்து தெரியுமா?" என்றார்.

"தெரியுமாவா?" கடைக்காரர் அதே வீட்டின் வாசல் படத்தைப் பெரிதாக்கினார். எதிரே இருந்த பல் மருத்துவரின் பலகையும், அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த தெருப் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. பெருமை தாங்காமல் வாசித்தும் காட்டினார்.

வந்தவரின் முகம் இறுகியது. "நாம பார்க்கறது அந்தம்மாவுக்குத் தெரியுமா? இது தப்பில்லையா?"

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. "சார், பெரிசு பண்ணிடாதீங்க. பாவம், குழந்தையோட தனியா இருக்காங்க. யாரோ தேடறாங்களாம், சிக்கினா உயிர் தங்காதாம். பில்லுல விலாசம் போடாதீங்க அண்ணேன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் மூச்சு விட்டதில்லை."

"அப்படிப்பட்டவங்க வீட்டையா ஊருக்குக் காட்டுவீங்க? முதல்ல அதை அழிங்க. என் கண்ணு முன்னாடியே அழிங்க."

கடைக்காரர் அந்த வீட்டைப் போனிலிருந்து நீக்கினார். இனி அந்த வீட்டுக்குள் அவர் எட்டிப் பார்க்க முடியாது. வந்தவர் போனை வாங்கி, நீக்கியாயிற்றா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டே திருப்பித் தந்தார்.

"வீட்ல கலந்துக்கிட்டு வரேன்" என்று சொல்லி இறங்கிப் போனார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று கடைக்காரருக்கு வெட்கமாகக் கூட இருந்தது. இன்றோடு இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டார்.

தெருமுனையில் வந்தவர் நின்று தன் போனைக் காதில் வைத்தார்.

"அம்மா, உன் மருமக பதினோராவது கடையில கிடைச்சுட்டா."